இருநூற்றுப் பதினோரு நாள்

உஸ்மான் எந்தப் பாட்டை எழுதினாலும் முதலில் கேட்கிற ஆள் அவன் அக்கா ஆரிஃபாதான். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது. பீங்கான் பட்டறையில் வேலை முடிந்ததும், முழங்கை வரைக்கும் களிமண் வெள்ளையாகக் காய்ந்திருக்க, நேராக அடுப்படிக்கு வருவான். அரிசி டின்னில் விரலால் தாளம் போட்டபடி அன்றைக்குச் சேர்ந்த வரிகளைக் கொட்டுவான். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள்.

"மூணாவது வரி நொண்டுதுடா."

"நொண்டலக்கா. அது ஸ்டைலு."

"அப்ப ஒன் ஸ்டைலுதான் நொண்டுது. மாத்து."

முணுமுணுத்துக்கொண்டு போவான். மறுநாள் மாற்றிக்கொண்டு வருவான்.

ராப் பாடுவதற்கு அவன் வைத்துக்கொண்ட பெயர் பீஸ்கட்டை. மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி சுற்றிச் செருகுகிற வெள்ளைப் பீங்கான் கட்டையை விருத்தாசலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் வேலை செய்த பட்டறையில் ஒரு பக்கம் அந்தக் கட்டைகளும் இன்னொரு பக்கம் கொலு பொம்மைகளும் செய்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்ததையே பெயராக்கிக்கொண்டு, அதை வைத்தே முதல் பாட்டையும் எழுதினான்.

ஒங்கூட்டு வெளிச்சம் எங்கூரு மண்ணு
கட்டையப் புடுங்கிப் பாரு, அவிஞ்சிரும் கண்ணு

அந்தக் 'கண்ணு' ஆரிஃபா போட்டுக் கொடுத்தது. அவன் முதலில் எழுதியிருந்த சொல்லை வீட்டுக்குள் சொல்ல முடியாது.

அவர்களுடைய அத்தா ரசூல் கடைவீதியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். மகன் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "தொண்டை நல்லா இருந்தா பள்ளிவாசல்ல பாங்கு சொல்லக் கத்துக்க. இது என்னடா, எதிர்வூட்டுக்காரன்கூட சண்டை போடுற மாதிரி ஒரு பாட்டு?" என்பார். அவன் எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம் பட்டறையில் ஓவர்டைம் என்று பொய் சொன்னது ஆரிஃபாதான். சாதாரணமாகப் பொய் சொல்கிறவள் இல்லை அவள். தம்பிக்காகச் சொன்ன பொய்களை அவள் பாவக்கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவளுடைய கணவர் நஜிமுதீன் மங்கலம்பேட்டைக்காரர். அத்தை மகன். தாய் தகப்பன் இல்லாதவர். கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் சவுதிக்குப் போய்விட்டார். ஆரிஃபா பிறந்த வீட்டிலேயே இருந்தாள், மஹிராவையும் அங்கேயே பெற்றாள். அவர் தம்மாமில் இருந்தார். தினமும் அவருக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு மணி, இங்கே மதியம் இரண்டரை. சரியாக இரண்டரைக்கு போன் வரும். ஒரு நாள் உஸ்மான் எதிரொலி வரக் கூடாது என்று பிரியாணி அண்டாவுக்குள் தலையை விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தான். ஆரிஃபா போனைத் திருப்பி அதைக் காட்டினாள். நஜிமுதீன் சிரித்த சிரிப்பில் தொழிலாளர் கேம்ப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"மச்சினா, வெந்துட்டியா? மூடி வச்சி தம் போட்டுரலாமா?"

அண்டாவிலிருந்து வேறு இடத்துக்கு உஸ்மானைக் கொண்டுபோனவன் கோகுலகிருஷ்ணன். அதே பட்டறையில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிறவன், லேப்டாப்பில் உஸ்மானுக்குத் தாளம் அமைப்பவனும் அவனே. பட்டறையின் பின்கட்டில் பொம்மை அச்சுகளை அடுக்கி வைக்கிற மோல்டு ரூம் ஒன்று இருந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் பிளாஸ்டர் அச்சுகள். கரைசலை ஊற்றினால் ஈரத்தைக் குடித்துவிடுகிற அந்த அச்சுகள் சத்தத்தையும் குடித்தன. அங்கே நின்று கைதட்டினால் பஞ்சில் தட்டியது போல இருக்கும். முதலாளி கோவிந்தராசு, "அச்சு ஒண்ணு ஒடஞ்சாலும் ரெண்டு பேர் சம்பளத்துலயும் புடிப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அங்கே பதிவான பாட்டுகள்தான் நெய்வேலி வரைக்கும், பிறகு கடலூர் வரைக்கும் போயின. கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டரில் ஸ்பீக்கர் பெட்டி கட்டி அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனான் ஒருவன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான் உஸ்மான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை நஜிமுதீன் எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது. தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டார் என்று கேம்ப்பிலிருந்து சொன்னார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மண்ணைத் தொடக்கூட யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

ஆரிஃபா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், உள் அறையில். வந்த பெண்கள் அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் இரண்டரை ஆனபோது கை தானாக போனை எடுத்தது. அவருடைய எண்ணைத் திறந்து, குரல் செய்திப் பொத்தானை அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"மச்சான், இன்னிக்கி முருங்கக்கீரை. பாதி பூச்சி. அம்மா பாக்கல, நான் சொல்லல."

அவ்வளவுதான். அனுப்பிவிட்டாள். ஒரு டிக் விழுந்தது. அன்று இரவு தூங்கினாள்.

அதற்குப் பிறகு தினமும் பேசினாள். மஹிரா காய்ச்சலில் உளறியது, பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டது, இப்படி. பிறகு மற்றதும் வந்தது. யாரிடமும் சொல்ல முடியாதது. உடம்பைப் பற்றி, கோபத்தைப் பற்றி. பேசும்போது வாக்கியம் முடியாது, நடுவில் மூக்கை உறிஞ்சுவாள், திட்டுவாள். அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாள். ஒரு நாள் இப்படிச் சொன்னாள்:

"ரெண்டு வருசம், இன்னும் ரெண்டு வருசம்னே ஏமாத்திட்டீங்க மச்சான். நான் ஒங்ககூட சேந்து இருந்தது மொத்தம் இருநூத்துப் பதினோரு நாளு. எண்ணிப் பாத்துட்டேன்."

ஒரு மாதத்துக்குள் அவருடைய பெட்டியை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் போனும் இருந்தது. சார்ஜ் ஏற்றி வீட்டு வைஃபையில் போட்டதும் அவள் அனுப்பியதெல்லாம் மழை போல அதில் வந்து விழுந்தது. அவளுடைய போனில் ஒற்றை டிக் இரட்டை டிக்காக மாறியது. சாம்பல் நிறத்து இரட்டை டிக். போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய போனை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அணைந்துபோகாமல் வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் போட்டாள். அதில் அந்தச் செய்திகளை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

போன தை மாதம் அந்த போனில் பேட்டரி உப்பிவிட்டது. "மாத்திக்கிட்டு வாடா" என்று அவளே எடுத்து உஸ்மானிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் கொண்டுவந்து தந்தான். மறுநாள் மதியம் இரண்டரைக்குப் பேசலாம் என்று தன் போனைத் திறந்தாள். அனுப்பிய அத்தனை குரல் செய்திகளுக்குப் பக்கத்திலும் சின்ன மைக் நீலமாக இருந்தது. கேட்டாகிவிட்டது என்பதற்கான நீலம்.

ஒரு மூச்சு நேரம் அவர் கேட்டுவிட்டார் என்றே நினைத்தாள். புத்தி வேலை செய்வதற்கு முன்னால் உடம்பு நம்பிவிட்டது. முகம் சூடாகி, "மச்சான்!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். அப்புறம்தான் சுவரும் பீரோவும் கண்ணில் பட்டன.

குழந்தைதான் எடுத்து விளையாடியிருக்கும் என்று முடிவு செய்தாள். ஆறு வயது மஹிராவைப் பிடித்து உலுக்கினாள். "நான் தொடலம்மா, அல்லாமேல சத்தியமா தொடலம்மா" என்று அழுதது குழந்தை. பொய் சொல்கிறாயா என்று ஒரு அடியும் வைத்தாள். தம்பியின் மேல் சந்தேகம் ஒரு துளி வரவில்லை.

பங்குனியில் மங்கலம்பேட்டைக்கு ஒரு துக்கம் கேட்கப் போனாள். பஸ்ஸில் அவளுக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த அச்சை மரக்கட்டையால் தட்டுகிற சத்தம் தாளமாக வந்தது. அடுத்து உஸ்மானின் குரல். நம்ம பையன் பாட்டு என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஆனால் இது அவள் கேட்காத பாட்டு. அடுப்படிக்கு வராத பாட்டு ஒன்று எப்படி பஸ்ஸுக்கு வந்தது என்று நினைத்து முடிப்பதற்குள் தாளம் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல்.

"மொத்தம் இருநூத்துப் பதினோரு நாளு. எண்ணிப் பாத்துட்டேன்."

அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருந்தான். நாளு, நாளு, நாளு. அதன் மேல் தாளம் ஏறியது.

"யாருடி இந்த அக்கா? செம ஃபீலு."

"நடிக்கிறவங்களா இருக்கும்டி. நெசமா புருசன் செத்தவ எண்ணிக்கிட்டா இருப்பா?"

"திருப்பிப் போடேன். எனக்கு அந்த மூக்கு சிந்துற எடம்தான் புடிக்குது."

ஆரிஃபா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அது எந்த ஊர் என்று பார்க்கவில்லை. புளியமரத்தடியில் நின்று, இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள்ளிருந்து இன்னும் எதையாவது யாராவது எடுத்துவிடுவார்கள் என்பது போல.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மஹிராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா ஒன்ன தப்பா அடிச்சிட்டேன்டி" என்றாள். உஸ்மான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எத்தினி கேட்ட?"

"எல்லாத்தையும்." தலையைக் குனிந்துகொண்டான். "போன் சரியாயிட்டுதான்னு ஒண்ணைத்தான் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியலக்கா. மோல்டு ரூம்ல ஒக்காந்து மூணு மணி நேரம் அழுதேன்."

"நான் பேசுனது ஒங்க மச்சான்கிட்டடா. நீ கேட்ட பேச்செல்லாம் ஒரு தம்பி காதுல விழக்கூடிய பேச்சா?"

அவன் செருப்பைக் கழற்றி வாசலோரம் தள்ளினான்.

"சரி, கேட்டுத் தொலைச்ச. அதைப் பாட்டுல ஏன்டா வச்ச?"

"பேரு போடலக்கா. யாருக்கும் தெரியாது. சவுதியிலேருந்து, குவைத்துலேருந்து எத்தினி பேரு எழுதுறாங்க தெரியுமா? இத்தினி நாளா நான் எழுதுனதுல ஒரு வரிகூட ஒன்னோட அந்த ஒரு வரிக்கு ஈடு இல்ல."

"எல்லாப் பாட்டையும் எங்கிட்ட பாடிக் காட்டுவ. இதை ஏன் காட்டல?"

அவன் உண்மையைச் சொன்னான். "காட்டியிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

அவள் மஹிராவை மடியிலிருந்து இறக்கி உள்ளே அனுப்பினாள். அவன்தான் விடாமல், "கேக்காம பண்ணலக்கா. அத்தாகிட்ட கேட்டேன். அவரு சரின்னாரு. அத்தா சொன்னா போதும்னுதான் நெனச்சேன்" என்றான்.

"எனக்கு நிக்காஹ் வைக்கிறப்பகூட அத்தா சரின்னு சொன்னது பத்தலடா. உள்ள ஆளு அனுப்பி, எனக்குச் சம்மதமான்னு எங்கிட்ட கேட்டுட்டுதான் ஹஜ்ரத்து புத்தகத்துல எழுதுனாரு."

மறுநாள் கடைக்குப் போனாள். ரசூல் ஒரு பெட்டி பீஸ்கட்டையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். பாட்டே கூடாது என்றவரின் கடையில் மெல்லிய சத்தத்தில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அணைத்தார்.

"அத்தா, அதுல பேசுறது நான்."

"தெரியும்மா. அதனாலதான் சரின்னேன். ஊர்ல நஜிம மறந்துட்டாங்க. இந்தப் பாட்டால நாலு பேரு அவனுக்காகக் கண்ணு கலங்குறாங்க. அது அவனுக்காகக் கேக்குற துஆ மாதிரி இல்லியா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடைக்கு வர்றவன் எல்லாம் ஒங்க மவனா அதுன்னு கேக்குறான். அவன் பொறந்து இருவத்தி நாலு வருசத்துல இப்பதாம்மா மொத தடவை."

அவர் சொன்னது இரண்டுமே உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. வீட்டில் எல்லாருக்கும் அவளுடைய குரல் உதவியது. அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தெரியும். அடுப்படியில் அவள் கண்ணைப் பார்க்காமல், "தம்பிதானே, விடு" என்றாள் அம்மா.

பத்து நாளில் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. அந்தப் பாட்டை அவர்கள் வாங்கிப் பெரிதாக வெளியிடுவார்கள். பீஸ்கட்டை என்ற பெயரில் எட்டுப் பாட்டுகள், சென்னையில் மேடை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதைச் சொல்ல கோகுலைத்தான் அனுப்பினான் உஸ்மான்.

கோகுல் வாசலிலேயே நின்றான். "அக்கா, அந்தப் பொம்பளக் குரல் யாருதோ, அவங்களே பேரு சொல்லி, சம்மதம்னு வாயால சொல்லி ரெக்கார்டு அனுப்பணுமாம். அப்பா சொன்னா செல்லாதாம். இல்லன்னா இப்ப இருக்கிற பாட்டையும் எடுத்துடணும்னு சொல்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ஒனக்குத் தெரியுமாடா, அது யாரு குரல்னு?"

"எங்கிட்ட அவன் யாரோ ஒரு சொந்தக்காரங்கன்னுதான் சொன்னான்க்கா." அவன் முகம் சிவந்தது. "மிக்ஸிங் பண்றப்ப 'பாத்துட்டேன்'னு நீங்க சொல்ற விதத்துல கண்டுபுடிச்சிட்டேன். அப்பவே வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல."

ஐந்து நாள் வீட்டில் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தாமல் இருப்பதையே எல்லாரும் அவள் கண்ணில் படும்படி செய்தார்கள். அத்தா மீன் வாங்கி வந்தார். அம்மா அவள் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். உஸ்மான் சாப்பிடாமல் எழுந்தான். வியாழக்கிழமை அவன் அவள் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. என் வாழ்க்கையே அதுலதான் இருக்குது."

"மொதல்ல எனக்கு முழுசாப் போட்டுக் காட்டு" என்றாள் அவள். "அப்புறம் சொல்றேன்."

அன்று சாயங்காலம் பட்டறை விட்ட பிறகு மோல்டு ரூமுக்குப் போனார்கள். மூன்று பக்கமும் அச்சுகள். கோகுல் அவளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்செட்டைக் கொடுத்தான். நாலு நிமிஷப் பாட்டு. உஸ்மான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பழைய நாட்களில் அடுப்படியில் பார்த்தது போல.

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் பிணமாக வந்து இறங்குகிறவர்களைப் பற்றிப் பாடியிருந்தான். ஆள் வராமல் சாமான் பெட்டி மட்டும் வந்து இறங்குவதைப் பற்றியும் பாடியிருந்தான். எந்த வரியும் நொண்டவில்லை. இரண்டாவது தடவை அவள் குரல் வருமிடத்தில், தாளத்தை எடுத்துவிட்டு அவள் மூச்சை மட்டும் விட்டிருந்தான். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவன் செய்த வேலை. அவன் செய்ததிலேயே சிறந்த பாட்டு அதுதான்.

ஹெட்செட்டைக் கழற்றினாள். "நல்லா இருக்குடா."

உஸ்மானுக்குக் கண் நிறைந்துவிட்டது. "டேய் கோகுலு, மைக்க ஆன் பண்ணுடா."

கோகுல் தலையாட்டியதும் அவள் பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

"என் பேரு ஆரிஃபா. அத்தா பேரு ரசூல். வூட்டுக்காரர் பேரு நஜிமுதீன், மவுத்தாயிட்டாரு. அந்தப் பாட்டுல பேசுற பொம்பள நான்தான். அது என் வூட்டுக்காரருக்கு நான் பேசுனது. அதை எடுக்கிறப்ப எங்கிட்ட யாரும் கேக்கல. இப்ப கேக்குறாங்க. எனக்குச் சம்மதம் இல்ல."

அச்சுகள் அந்தக் குரலையும் குடித்துவிட்டன.

"நல்லா இருக்குன்னியேக்கா!"

"நல்லா இருக்குது. அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இதை அனுப்புனா நான் திரும்பக் கட்டைதான் செய்யணும். தெரியுதில்ல?"

"தெரியுது."

"ஒன் தம்பியவிட அந்த ஒரு வரி பெருசா ஒனக்கு?"

ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றாலும் பொய்தான்.

கோகுல், உஸ்மானைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டான். "அனுப்பிடவாக்கா?"

உஸ்மான் அச்சுகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் தலையசைத்தாள். கோகுல் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதற்குள் பாட்டு எங்கேயும் இல்லை. ஆனாலும் ஆட்களின் போன்களில் இறங்கியிருந்தது இறங்கியதுதான். அதை யாரும் பிடுங்க முடியாது. சென்னை மேடை வேறொரு ஊர்ப் பையனுக்குப் போனது. அத்தா கடையில் பழையபடி ரேடியோ செய்தி போட்டார். உஸ்மான் பாடுவதை நிறுத்தவில்லை. பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு நேராகத் திண்டிவனம் பக்கம், கள்ளக்குறிச்சி பக்கம் என்று யாரோ கூப்பிடுகிற இடத்துக்குப் போனான். புதுப் பாட்டுகள் வந்தன. ஊர் கேட்ட பிறகுதான் ஆரிஃபா கேட்டாள்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மதியம் அவன் உள் அறை வாசலில் வந்து நின்றான். மஹிராவுக்கு வாங்கிய சட்டை கையில் இருந்தது. அதைக் கட்டிலில் வைத்தான். மணி இரண்டரை தாண்டியிருந்தது. அவள் போன் ஜன்னலில் கவிழ்ந்து கிடந்தது.

"மச்சான்கிட்ட இன்னும் பேசுறியாக்கா?"

"இல்ல."

"ஏன்?"

அவள் குழந்தையின் சட்டையை விரித்து, மடித்து, மறுபடி விரித்தாள்.

"ரெண்டு மூணு தடவை எடுத்துப் பாத்தேன்டா. ஒழுங்கா, கோவையா வருது. பக்கத்துல ஒக்காந்து நீ கேட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குது."

"இனிமே கேக்க மாட்டேன்க்கா. சத்தியமா கேக்க மாட்டேன்."

"தெரியும்டா" என்றாள் ஆரிஃபா. அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அது தெரிந்தும், மதியம் இரண்டரைக்கு யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது; அந்த அறைக்குள் அவளால் தனியாக இருக்க முடியவில்லை.